வாடகைக்கு விடும் நாடக உடைகள்: தையல் விடுவதும் வியர்வை வாடையும்

கேள்வி (ஊசிமுனை):
நாடகக் குழுக்களுக்கு வேட உடைகளைத் தைத்து வாடகைக்குக் கொடுத்து வருகிறோம். அரசன் வேடத்துக்கான நீள அங்கி ஒல்லியானவருக்கும் பருத்தவருக்கும் மாறி மாறிப் போவதால், ஒவ்வொரு முறையும் அக்குளில் தையல் விட்டுத் திரும்புகிறது. ஜரிகை வைத்த உடை என்பதால் துவைக்கவும் முடியாமல் வியர்வை வாடை தங்கிவிடுகிறது. தைக்கும்போதே இவற்றைத் தவிர்க்க வழி உண்டா?

பதில் (கைக்குழி):
அக்குளில் கிழிவதற்குப் பெரும்பாலும் உடற்பருமன் காரணமன்று. கைக்குழியை (உடையில் கை பொருத்தும் துளையை) தாராளமாக இறக்கி வெட்டினால், நடிகர் கையைத் தூக்கும்போது அங்கி முழுவதும் மேலே இழுபட்டு, அந்த இழுப்பெல்லாம் அக்குள் தையலில் வந்து விழும். எனவே கைக்குழியை உடம்போடு ஒட்டி உயர்த்தி வெட்டி, அக்குளில் சாய்சதுரத் துண்டு ஒன்றை வைத்துத் தையுங்கள். வாள் வீசும் வேடமென்றால் இது கட்டாயம். பருமனுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள, பக்கத் தையலிலும் முதுகின் நடுத்தையலிலும் ஒன்றரை அங்குலத் துணியை உள்ளே விட்டு வையுங்கள். முதலில் காடா துணியில் ஒரு மாதிரி தைத்து, கையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பது நல்லது; நேராக நிற்கவைத்து அளவெடுத்த உடை மேடையில் ஏமாற்றிவிடும்.

பதில் (திரைமறைவு):
மேற்சொன்னது சரி. முதுகுப் பக்கத்தில் கயிறு கோத்துக் கட்டும்படி அமைத்தால் இடுப்பளவு மாறினாலும் ஒரே உடை பலருக்குப் பொருந்தும், ஆனால் காட்சிக்கு நடுவே சட்டென்று மாற்றவேண்டிய உடைக்கு அது உதவாது. அதற்குப் பெரிய பிரஸ் பட்டன்களே ஏற்றவை. ஒட்டிப் பிரிக்கும் வெல்குரோ பட்டையைப் பலர் பரிந்துரைப்பார்கள். ஆனால் அமைதியான காட்சியின்போது திரைக்குப் பின்னால் அதைப் பிரித்தால் கடைசி வரிசைக்கும் கேட்கும், ஜரிகையையும் பிய்த்துவிடும்.

பதில் (உள்பாடி):
வாடைக்கு என் வழி: உடையோடு பருத்தி உள்சட்டை ஒன்றையும் சேர்த்தே கொடுத்து, அதை மட்டும் துவைப்பது, அக்குளில் எளிதில் பிரித்தெடுக்கும்படி இழையோட்டிய துணிப்பட்டைகள் வைப்பது. உடை திரும்பியதும் உட்புறத்தில் நீர் கலந்த ஸ்பிரிட்டைத் தெளித்து, நன்றாகக் காற்றாட விடுங்கள். சாயம் போகிறதா என்று மடிப்புக்குள் ஓரிடத்தில் முன்பே பார்த்துவிட வேண்டும்; தீயருகிலும் தெளிக்கக் கூடாது. ஈரம் முழுவதும் உலராமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினால் பூஞ்சை பிடித்துவிடும்.