மௌஸ் யார் கையில் இருக்கிறது?

கணினி ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

எங்கள் ஆய்வகத்தில் ஓடுகிற கணினி 11. பதினொன்றாம் வகுப்பில் பிள்ளைகள் 38 பேர். ஒரு கணினி முன்னால் மூன்று பேர், சில நாள் நான்கு பேர். ஒருத்தர் கீபோர்டும் மௌஸும், ஒருத்தர் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வது, ஒருத்தர் ரெக்கார்டு நோட்டில் எழுதுவது. இந்த ஏற்பாடு முதல் வாரத்தில் தானாக அமைந்துவிடும். அப்புறம் வருடம் முடிகிறவரை மாறாது. நோட்டு யாரிடம் என்று பார்த்தால் பெரும்பாலும் கையெழுத்து அழகாக இருக்கிற பெண் பிள்ளையிடம்தான். அவள் கீபோர்டைச் சரியாகத் தொடாமலே பன்னிரண்டாம் வகுப்புக்குப் போய்விடுவாள். பொதுத்தேர்வில் எழுத்துக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீடு 10. புரோகிராமை மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண் பெரிதாகக் குறையாது. அதனால் வெளியே தெரிவதில்லை. எனக்கும் பல வருடம் தெரியவில்லை.

போன வருடம் ஒரு பிள்ளைதான் கண்ணைத் திறந்தாள்.

லூப் பாடம், அதாவது ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது. காரணீயப் பெருக்கம் (1-லிருந்து அந்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது) கண்டுபிடிக்கிற புரோகிராம், சி++ மொழியில். 5 கொடுத்தால் 120 வரும், எழுதிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அன்று அந்தக் கணினியில் கீபோர்டு பிடிக்கிற பையன் வரவில்லை. நோட்டு எழுதுகிற பெண் சும்மா உட்கார்ந்திருந்தாள். "நீ அடிம்மா" என்றேன். "எனக்கு வராது மிஸ், நான் எழுதிக்கிறேன்" என்றாள். விடாமல் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி ஒற்றை விரலால் அடித்தாள். செமிகோலன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே அரை நிமிடம். என் கை இரண்டு தடவை தானாகக் கீபோர்டுக்குப் போனது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். 25 நிமிடத்தில் 120 வந்தது.

அவள் அதோடு நிறுத்தவில்லை. 6 கொடுத்தாள், 7 கொடுத்தாள், 10 கொடுத்தாள். மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. 12-க்கு 479001600 வந்தது. 13-க்கு 1932053504. பெரிய எண்ணாக இருக்கிறது, சரியாகத்தான் இருக்கும் என்று நான் நகரப் போனேன்.

"மிஸ், 12-க்குக் கடைசியில ரெண்டு சைபர் இருந்துச்சு. அதை 13-ஆல பெருக்குனா அந்த ரெண்டு சைபரும் எங்க மிஸ் போகும்?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. 5-ஐத் தாண்டி யாரும் போனால்தானே கேட்பதற்கு! பேப்பரில் பெருக்கிப் பார்த்தோம். 6227020800. கணினி சொன்னது தப்பு. எரர் எதுவும் காட்டாமல், கொஞ்சமும் தயங்காமல் தப்பான விடையைச் சொல்லியிருக்கிறது.

மறுநாள் முழு வகுப்புக்கும் அதையே பாடமாக எடுத்தேன். இன்ட் என்றால் முழு எண்ணை வைக்கிற இடம். நாங்கள் புரோகிராம் அடிக்கிற டெவ் சி++ மென்பொருளில் அது 4 பைட், அதாவது 0 அல்லது 1 மட்டும் நிற்கிற 32 பிட். ஒரு பிட் நேரா மறையா என்கிற குறிக்குப் போய்விட்டால் மிச்சம் 31. அதில் அடங்குகிற பெரிய எண் 2147483647. அதைத் தாண்டினால் மேலே இருக்கிற பிட்டுகள் வழிந்து போய்விடும், மிச்சம் இருப்பதைத்தான் கணினி காட்டும். 6227020800-லிருந்து 2-ன் அடுக்கு 32-ஐ, அதாவது 4294967296-ஐக் கழித்தால் சரியாக அந்த 1932053504. கழித்து முடித்ததும் வகுப்பே "ஆ" என்றது. இரும எண், 2-ன் நிரப்பி (மறை எண்ணை இரும எண்ணாக எழுதுகிற முறை) என்று வருடத் தொடக்கத்தில் நடத்தி, பிள்ளைகள் தேர்வுக்கு எழுதிவிட்டு மறந்த பாடம் அது. எதற்கு அதைப் படித்தோம் என்று அன்றுதான் புரிந்தது. "அப்ப லாங் லாங் போட்டா?" என்று ஒருவன் கேட்டான். அது 8 பைட். 20 வரை தாங்கும், 21-ல் அதுவும் வழியும். அதையும் அவர்களே அடித்துப் பார்த்தார்கள்.

அதிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை மணி. மணி அடித்தால் இடம் மாற வேண்டும். பக்கத்தில் இருப்பவர் வாயால் சொல்லலாம், கை நீட்டக் கூடாது. எனக்கும் அதே சட்டம்தான். பிள்ளைகளைவிட எனக்குத்தான் அது சிரமமாக இருந்தது. உங்கள் பள்ளிகளில் எப்படிச் செய்கிறீர்கள்? எழுதுங்கள்.

முதுகலை ஆசிரியர், தருமபுரி மாவட்டம்

டீச்சர், படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் வகுப்பில் 56 பேர், ஓடுகிற கணினி 8, ஒரு பீரியட் 40 நிமிடம். 10 நிமிடத்துக்கு ஒருவர் என்றால் ஒரு பிள்ளைக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் முறை வரும். அதற்குள் கரண்ட் போனால் அதுவும் இல்லை. யுபிஎஸ் பேட்டரி எல்லாம் எப்போதோ போய்விட்டது.

அதனால் நான் ஆய்வகத்துக்குப் போகுமுன் வகுப்பிலேயே பிள்ளைகளை வைத்து அதே காரணீயப் பெருக்க புரோகிராமை ஓட்டுகிறேன். ஒரு பையன் கையில் சிலேட்டு, அவன்தான் 'ஐ' (i), 1, 2, 3 என்று ஏறுகிற எண். ஒரு பெண் கையில் இன்னொரு சிலேட்டு, அவள் 'எஃப்' (f), பெருக்கி வருகிற விடை. மூன்றாவது ஆள் கதவருகே நின்று நிபந்தனையைப் பார்ப்பான். சரி என்றால் உள்ளே விடுவான், தப்பு என்றால் லூப் முடிந்தது. எஃப் தன் எண்ணை அழித்துவிட்டுத்தான் புது எண்ணை எழுத வேண்டும். அந்த அழிப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் மாறி என்றால் என்ன என்று பிள்ளைக்குப் புரிகிறது. 'f = f * i' என்பதைக் கரும்பலகையில் மட்டும் எழுதினால், "இரண்டு பக்கமும் எஃப் இருந்தா எப்படி சார் சமமாகும்?" என்று கணக்கு நன்றாகப் போடுகிற பிள்ளைதான் முதலில் குழம்புவான். நியாயமான குழப்பம். சிலேட்டை அழித்துக் காட்டியதும் தெளிந்துவிடும்.

கையை நீட்டக் கூடாது என்கிற சட்டத்தை மட்டும் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

தகவல் தொழினுட்ப ஆசிரியர், முல்லைத்தீவு

மிஸ், உங்கட பிள்ளை 13-இல பிடிச்சதை எங்கட பிள்ளைகள் 8-இலேயே பிடிக்கலாம். நாங்கள் சாதாரண தரத்துக்கு (11-ஆம் வகுப்பு முடிவில எழுதுற சோதனை) பாஸ்கல் எண்ட புரோகிராம் மொழி படிப்பிக்கிறனாங்கள். அதில இன்டிஜர் எண்டால் 2 பைட், ஆகப் பெரிய எண் 32767. 7-க்கு 5040 சரியா வரும். 8-க்கு 40320 வரவேணும்; ஆனால் திரையில -25216 எண்டு விழும். பெருக்கின எண்கள் எல்லாம் நேர், விடை மட்டும் எப்படி மறை எண்டு பிள்ளைகள் விழுந்தடிச்சுக்கொண்டு வருவினம்.

நோட்டுப் பிரச்சினை இங்கேயும் அச்சொட்டா அதேதான். எங்களுக்கு இன்னொரு தொல்லையும் இருக்கு. வீட்டில பழைய கணனி இருக்கிற பிள்ளைகள் பாமினி எண்ட பழைய எழுத்துருவில தமிழ் அடிச்சுப் பழகியிருக்கினம். அதைப் பென்டிரைவில கொண்டுவந்து அந்த எழுத்துரு இல்லாத கணனியில திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாத் தெரியும். ஒரு பிள்ளை தன்ர கட்டுரை அழிஞ்சு போச்சுது எண்டு அழுதவள். அழியேல்லை, கணனி வைச்சிருக்கிறது எண்களைத்தான், எந்த எழுத்தைக் காட்டுறது எண்டு எழுத்துருதான் சொல்லுது எண்டு விளங்கப்படுத்தினன். ஒவ்வொரு எழுத்துக்கும் எங்கேயும் மாறாத ஒரே எண் குடுக்கிற யூனிகோட் எதுக்கு வந்தது எண்டு அண்டைக்கு நான் தனியாப் படிப்பிக்கத் தேவையே வரேல்லை.

இ-சேவை மையம் நடத்துபவர், விழுப்புரம் மாவட்டம்

நான் ஆசிரியை இல்லை. என் வகுப்பில் நோட்டு எழுதிய பெண் பிள்ளை. பள்ளியில் இரண்டு வருடமும் நான் கீபோர்டைத் தொட்டது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைதான். 2014-ல் அரசு மடிக்கணினி கொடுத்தார்கள். அதில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸ் என்கிற இன்னொரு இயங்குதளமும் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அண்ணன் படம் பார்க்க எடுத்துக்கொண்டான். எங்கள் கணினி மிஸ்தான் அம்மாவை வரச்சொல்லி, "இது உங்க பொண்ணுக்குக் கொடுத்தது, சாயந்திரம் ஒரு மணி நேரமாவது அவ கையில இருக்கணும்" என்று சொன்னார்கள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஏழு மணி ஆனால் அண்ணனிடமிருந்து வாங்கி என் மடியில் வைப்பார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் கற்றது தமிழ்99 என்கிற தமிழ் விசைப்பலகை முறை. இடது கையில் உயிர், வலது கையில் பெரும்பாலான மெய். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். இன்று முதியோர் ஓய்வூதிய மனு எழுதித்தரச் சொல்லி யாராவது வந்தால் அவர்கள் சொல்லச் சொல்லவே அடித்து முடித்துவிடுகிறேன். அந்த மிஸ் இதைப் படித்தால் நன்றாக இருக்கும்.

கணினி ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

எல்லோருக்கும் நன்றி. முல்லைத்தீவு சார், இன்று காலை சி++-ல் இன்ட் என்பதை ஷார்ட் என்று மாற்றி 8 கொடுக்கச் சொன்னேன். அதுவும் 2 பைட்தானே. அப்படியே -25216! இலங்கையில் ஒரு பள்ளியிலும் இதே எண்தான் வருகிறதாம் என்று சொன்னதும் ஆய்வகத்தில் ஒரே சத்தம். 13-ல் கேள்வி கேட்ட அந்தப் பெண் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு, பக்கத்து வரிசையில் பைத்தான் மொழியில் புரோகிராம் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்த்துவிட்டு, "பைத்தான்ல 13 சரியா வருது மிஸ். 100 குடுத்துட்டேன், அதுவும் வருது. இதுக்கு எத்தனை பைட் மிஸ்?" என்றாள். "நீயே கண்டுபிடிச்சிட்டு நாளைக்கு வந்து சொல்லு" என்று அனுப்பியிருக்கிறேன்.