பீசோ சேடில்: தகரச் சத்தமும் பனிக்கால கரகரப்பும்

கொடைக்கானல்வாசி:
ஸ்ட்ராட் எலெக்ட்ரிக் கிடாரில் ஆறு பீசோ சேடில் (தந்தி உட்காரும் துண்டிலேயே அதிர்வை மின்சிக்னலாக்கும் பீசோ பிக்கப்) போட்டு, வயர்களை நேராக 250 கே (கிலோ ஓம்) வால்யூம் திருகில் கொடுத்திருக்கிறேன். அக்கூஸ்டிக் தொனியே இல்லை, தகரம் தட்டுவது மாதிரி இருக்கிறது. பனி இறங்கினால் கரகரப்பு வேறு.

குன்னூர் தந்தி:
சேடில் மேல் தப்பில்லை அண்ணா. பீசோ ஒரு சின்ன கெப்பாசிட்டர் மாதிரி. ஆறும் சேர்ந்து 1 நானோஃபாரட் என்று வையுங்கள்: 250 கே லோடில் சுமார் 640 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கீழ்த்தொனி எல்லாம் இறங்கிவிடும். 10 மெக் ஓம் இன்புட் என்றால் அந்த எல்லை 16 ஹெர்ட்ஸ்தான். ஆகவே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஜேஃபெட் பஃபர் (பீசோவுக்குச் சுமை தராமல் சிக்னலை வாங்கிக் கொடுக்கும் சின்ன டிரான்சிஸ்டர் சர்க்யூட்) கட்டாயம். காந்தப் பிக்கப்போடு கலப்பது பஃபருக்குப் பிறகுதான். பீசோவைத் தனி வயரில் மிக்ஸருக்கு அனுப்புங்கள். கிடார் ஆம்ப் ஸ்பீக்கரில் மேல்தொனி மழுங்கிவிடும்.

ஊட்டி சால்டர்:
கரகரப்பு ஈரத்தால்தான். பற்றவைத்த இடத்தில் மிஞ்சிய ஃபிளக்ஸ் (சால்டர் ஒட்டப் பூசும் பசை) ஈரத்தை இழுத்து சிக்னலைக் கசியவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள். ஒரு தந்தி மட்டும் மெலிந்து கேட்டால், அந்தச் சேடிலின் மயிரிழை வயர் பிரிட்ஜ் தட்டுக்கடியில் நசுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கொடைக்கானல்வாசி:
அந்த வால்யூம் திருகைக் கழற்றிவிட்டு பஃபர் வைக்கிறேன். பேட்டரியை அணைக்க?

குன்னூர் தந்தி:
ஒரே அவுட்புட் என்றால் ஸ்டீரியோ ஜாக்கின் ரிங்கில் பேட்டரி மைனஸ்; சாதாரண மோனோ கேபிளை உருவினால் அணைந்துவிடும். இரண்டு அவுட்புட் என்றால் தனி மினி டாகிள் சுவிட்ச்.