இயேசுவின் நாமத்தைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? ஸ்கேவாவின் குமாரரும் மாற்கு 9-இன் மனிதரும்

கேள்வி:
அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தில், எபேசு பட்டணத்தில் ஸ்கேவா என்னும் யூத பிரதான ஆசாரியனின் குமாரர் ஏழு பேர் இயேசுவின் நாமத்தைச் சொல்லிப் பேயோட்ட முயன்று, காயப்பட்டு நிர்வாணமாய் அந்த வீட்டைவிட்டு ஓடுகிறார்கள். மாற்கு 9:38இல் சீஷர்களோடு சேராத ஒருவர் அதே நாமத்தினால் பிசாசுகளைத் துரத்துகிறார்; அவர் நம்மைப் பின்பற்றாததால் தடுத்தோம் என்று சீஷனாகிய யோவான் சொன்னபோது, அவரைத் தடுக்க வேண்டாம் என்று இயேசுவே சொல்கிறார். நாமம் ஒன்றாயிருக்க, ஒருவருக்குப் பலித்தது மற்றவர்களுக்குப் பலிக்காமல் போனது ஏன் என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
சகோதரரே, அவர்கள் சொன்ன வாசகத்தைக் கவனியுங்கள்: 'பவுல் பிரசங்கிக்கிற இயேசு' என்கிறார்கள். தாங்கள் அறியாத ஒருவருடைய நாமத்தை, இன்னொருவர் சொல்லக் கேட்டு, மந்திரச் சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். எபேசு அப்படிப்பட்ட ஊர்தான். அதே அதிகாரத்தில் எரிக்கப்படும் மாயவித்தைப் புத்தகங்களின் விலை 50,000 வெள்ளிக்காசு. வேதத்திலோ ஒருவருடைய நாமத்தில் பேசுவது, அவரால் அனுப்பப்பட்டுப் பேசுவதாகும். 1 சாமுவேல் 25இல் தாவீதின் வாலிபர் அவருடைய நாமத்தினால் பேசியபோது, 'தாவீது என்பவன் யார்?' என்று அனுப்பியவரைப் பற்றியே நாபால் என்னும் செல்வந்தன் கேட்கிறான். எருசலேமின் ஆலோசனைச் சங்கமும், சப்பாணி ஒருவன் சுகமானதைக் குறித்து, எந்த வல்லமையினால், எந்த நாமத்தினால் இதைச் செய்தீர்கள் என்று பேதுருவையும் யோவானையும் ஒரே மூச்சில் கேட்கிறது (அப். 4:7). எபேசுவில் பொல்லாத ஆவி இயேசுவையும் அறிந்திருக்கிறது, பவுலையும் அறிந்திருக்கிறது, 'நீங்கள் யார்?' என்று வந்தவர்களைத்தான் கேட்கிறது.

மறுமொழி 2:
இவ்விளக்கம் எனக்கும் ஏற்புடையதே. ஆனால் மத்தேயு 7:22-23 அதற்குள் முழுவதும் அடங்கவில்லை. உமது நாமத்தினால் பிசாசுகளைத் துரத்தினோம் என்பவர்களின் செயலை இயேசு அங்கே மறுக்கவில்லை. ஒருக்காலும் உங்களை அறியவில்லை என்று அவர்களையே விலக்குகிறார். ஆகவே, பலித்ததைக் கொண்டு ஒருவருடைய அதிகாரத்தை நிர்ணயித்துவிட முடியாது. ஊழியத்தில் இருப்போர் அச்சத்தோடு வாசிக்க வேண்டிய பகுதி இது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால், மாற்கு குறிப்பிடும் அந்த மனிதரை அனுப்பியவர் யார்?

மறுமொழி 1:
மாற்கு அதைச் சொல்லவில்லை. ஆனால் அவர் நம்மைப் பின்பற்றவில்லை என்பதுதான் யோவானின் குறை; உம்மைப் பின்பற்றவில்லை என்று யோவான் சொல்லவில்லை. அதே அதிகாரத்தில் சற்று முன்புதான், ஒரு பிள்ளையைப் பிடித்திருந்த ஆவியைத் துரத்த முடியாமல் சீஷர்கள் நின்றார்கள். எண்ணாகமம் 11இல், கூடாரத்துக்குப் போகாமல் பாளயத்திலேயே தீர்க்கதரிசனம் சொன்ன ஏல்தாத், மேதாத் என்பவர்களைத் தடுக்கும்படி யோசுவா கேட்டபோது, கர்த்தருடைய ஜனங்கள் எல்லாருமே தீர்க்கதரிசனம் சொன்னால் நலமாயிருக்குமே என்றார் மோசே. யோவானுக்குக் கிடைத்த பதிலும் அதே வழியில் வருவதாகவே நான் வாசிக்கிறேன்.