நீரோவின் அம்மா காசிலிருந்து மறைந்ததை யார் கவனித்தார்கள்?

நாணயப்பித்தன்:
ரோமப் பேரரசர்கள் காசை அரசியல் பேசத்தான் அடித்தார்கள் என்பது என் கட்சி. கி.பி. 54-இல் வந்த நீரோவின் தங்கக் காசைப் பாருங்கள். பதினாறு வயதுப் பேரரசனும் தாய் அக்ரிப்பினாவும் எதிரெதிரே முகம் பார்த்து நிற்கிறார்கள். சுற்றி ஓடும் எழுத்து அம்மாவின் பெயரும் பட்டமும். மகனின் பெயர் பின்பக்கம், ஓக் இலை வளையத்தைச் சுற்றி. அடுத்த ஆண்டுக் காசில் இரண்டு முகமும் ஒரே திசையில் திரும்பிவிட்டன. மகன் முன்னால், அம்மா அவனுக்குப் பின்னால் ஒரு விளிம்பாகத்தான் தெரிகிறாள். அவள் பெயர் பின்பக்கத்துக்குப் போய், யானைகள் இழுக்கும் தேரைச் சுற்றி நிற்கிறது. அப்புறம் அவளையே காணோம். 59-இல் கொலை.

கேள்விக்குறி:
இப்படிப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பது நாம். ஒரு தங்கக் காசு 25 டெனாரியஸ், அதாவது 25 வெள்ளிக் காசு. படைவீரனின் ஆண்டுச் சம்பளமே 225 டெனாரியஸ்தான். ரொட்டி வாங்கப் போகிறவன் கைக்கு இது எப்போது வரும்? வரலாற்றாசிரியர் ஏ.எச்.எம். ஜோன்ஸ் 1956-லேயே இந்தப் படங்களை, யாரும் பெரிதாகக் கவனிக்காத தபால்தலைப் படங்களோடு ஒப்பிட்டுவிட்டார்.

மலைக்காற்று:
முகத்தையாவது பார்த்தார்கள் ஐயா. டெனாரியஸில் இருப்பது யார் உருவம் என்று இயேசு கேட்டதும், சீசருடையது என்று உடனே பதில் வருகிறதே. பின்பக்கத் தெய்வங்களை எத்தனை பேர் படித்தார்கள் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

நாணயப்பித்தன்:
அம்மா-மகன் அச்சு வெள்ளியிலும் உண்டு. அது இருக்கட்டும், ஊர் முழுக்கப் பார்க்க வேண்டும் என்று யார் சொன்னது? நீரோவுக்கு முந்தைய பேரரசன் கிளாடியஸ் பட்டத்துக்கு வந்தபோது மெய்க்காவல் படையில் ஆளுக்கு 15,000 செஸ்டர்ஸ் (டெனாரியஸில் கால் பங்கு மதிப்புள்ள காசு) கொடுத்தான், அதாவது 150 தங்கக் காசு. நீரோவும் அதே வழியில் பரிசு அறிவித்ததாக ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். ஆட்சியையே கவிழ்க்கக்கூடியவர்கள் அவர்கள். தங்கம் புழங்கிய அந்தக் கூட்டம் பார்த்தால் போதாதா?

கேள்விக்குறி:
அவர்களும் எடையைத்தான் பார்த்திருப்பார்கள். 54-இன் காசில் வளையத்துக்குள் என்ன இருக்கிறது? ரோமின் மேலோர் மன்றமான செனட்டின் தீர்மானத்தைக் குறிக்கும் எழுத்து. செனட்டும் நாணயச்சாலை அதிகாரிகளும் அரண்மனையைக் குளிரவைக்கச் செய்த வேலை இது. பார்க்க வேண்டியவர்கள் நீரோவும் அவன் அம்மாவும் மட்டுமே. இதை மக்களுக்கான பிரசாரம் என்பதை என்னால் ஏற்க முடியாது.

நாணயப்பித்தன்:
சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். பேரரசின் கணக்குவழக்கை வைத்திருந்த பல்லாஸ் அக்ரிப்பினாவின் ஆள். அவனை நீரோ பதவியிலிருந்து இறக்கியதும் 55-இல்தான், அம்மா முகம் பின்னுக்குப் போனதும் அதே ஆண்டில்தான். யாருமே பார்க்காத படம் என்றால் அச்சை அவ்வளவு அவசரமாக மாற்றுவானேன்?