பன்மொழி விக்கியில் மொழி மாற்றும் பட்டையைக் கண்ணில் படும்படி வைப்பது எப்படி?

ஏட்டுச்சுவடி:
மீடியாவிக்கி என்ற விக்கி மென்பொருளில் இயங்கும் தளம், பக்கத் தோற்றம் (ஸ்கின்) வெக்டர் 2022. மூலப் பக்கங்கள் ஆங்கிலத்தில். தமிழ், பிரெஞ்சு, அரபு மொழிபெயர்ப்புகளைத் துணைப்பக்கங்களாக வைத்திருக்கிறோம்; பக்கப் பெயர், சாய்கோடு, மொழிக் குறியீடு என்ற முறை. மொழியைத் தேர உதவும் யுனிவர்சல் லேங்குவேஜ் செலக்டர் (யூஎல்எஸ்) என்ற நீட்சி, அதாவது கூடுதல் நிரல், நிறுவியாயிற்று. அதில் தமிழைத் தேர்ந்தால் மெனுக்கள் மட்டும் தமிழாகின்றன, கட்டுரை ஆங்கிலத்திலேயே நிற்கிறது. மொழிபெயர்ப்பு இருப்பதே வாசகருக்குத் தெரிவதில்லை. தலைப்புக்குக் கீழேயே மொழிகளின் பெயர் வரவேண்டும், இல்லாத மொழி வரக்கூடாது. பக்கங்களை மொழிபெயர்க்க உதவும் டிரான்ஸ்லேட் நீட்சி இப்போது இல்லை. என்ன வழி?

வார்ப்புருத்தச்சர்:
செலக்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அது மாற்றுவது இடைமுக மொழியை, அதாவது மெனு, பொத்தான்களின் மொழியை. கட்டுரையின் மொழி வேறு சங்கதி. தமிழ்க் கட்டுரை உங்கள் தளத்தில் வேறொரு பக்கம், அதற்குத் தனி இணைப்பு வேண்டும். முகவரியில் யூஸ்லேங் என்ற மொழி அளவுருவைச் சேர்த்தாலும் இதே கதைதான்.

டிரான்ஸ்லேட் இல்லாமல் ஒரு வார்ப்புருவே (பல பக்கங்களில் செருகும் பொதுத் துண்டு) போதும். ஆனால் அதற்கு முன் லோக்கல்செட்டிங்ஸ் என்ற அமைப்புக் கோப்பில், கட்டுரைகள் இருக்கும் முதன்மைப் பெயர்வெளிக்குத் துணைப்பக்கங்களை இயக்குங்கள். மீடியாவிக்கியில் முதன்மைப் பெயர்வெளிக்கு அது இயல்பாக அணைந்தே இருக்கும். அணைந்திருந்தால் சாய்கோடு வெறும் எழுத்துதான். பேஸ்பேஜ்நேம் என்ற மாறி தாய்ப் பக்கத்தின் பெயரைத் தராமல் முழுப் பெயரையே திருப்பித் தரும். பட்டை ஆங்கிலப் பக்கத்தில் ஒழுங்காகத் தெரிந்து தமிழ்ப் பக்கத்தில் உடைகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

அடுத்து, வார்ப்புருவில் நிபந்தனைகள் எழுத உதவும் பார்சர்ஃபங்ஷன்ஸ் நீட்சி. மீடியாவிக்கியுடனே வருகிறது, ஏற்றும் வரியை மட்டும் நீங்கள் சேர்க்கவேண்டும். வார்ப்புருவுக்குள் ஒவ்வொரு மொழிக்கும் ஓர் இஃப்எக்ஸிஸ்ட்: தாய்ப் பெயரோடு குறியீடு சேர்ந்த பக்கம் இருந்தால் இணைப்பு, இல்லாவிட்டால் வெற்று.

தாய்ப் பெயரைக் கண்டுபிடிக்கும் இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். எல்லா இடத்திலும் பேஸ்பேஜ்நேம் போட்டால், 'கையேடு' என்ற பக்கத்துக்குக் கீழ் 'நிறுவல்' என்ற ஆங்கிலத் துணைப்பக்கம் இருக்கும்போது, பட்டை 'கையேடு' பக்கத்தின் மொழிபெயர்ப்புகளைக் காட்டும். ஆகவே முதலில் பெயரின் கடைசித் துண்டைத் தரும் சப்பேஜ்நேம் மாறியை, ஸ்விட்ச் என்ற தேர்வு நிபந்தனை வழியே சோதியுங்கள். கடைசித் துண்டு உங்கள் மூன்று குறியீடுகளில் ஒன்றானால் மட்டும் பேஸ்பேஜ்நேம். மற்றபடி முழுப் பக்கப் பெயர்.

இஃப்எக்ஸிஸ்ட் சேவையகத்துக்குச் 'செலவு மிக்க' செயற்பாடுகளில் ஒன்று. ஒரு பக்கத்துக்கு இயல்பு வரம்பு 100. மூன்று மொழிக்குக் கவலையே இல்லை. நாளை மொழிகள் பெருகி, வேறு வார்ப்புருக்களும் இதையே பயன்படுத்தினால் நினைவில் வையுங்கள்: வரம்பைத் தாண்டிய சோதனைகள் எல்லாம் 'பக்கம் இல்லை' என்றே விடை தரும். வாசகர் பார்க்கும் பக்கத்தில் பிழைச் செய்தி எதுவும் வராது, இணைப்பு சத்தமில்லாமல் மறைந்துபோகும்.

புதிதாக ஒரு தமிழ்ப் பக்கம் எழுதியும் ஆங்கிலப் பக்கத்தின் பட்டையில் அது வரவில்லை என்றால் பின்னணிப் பணிகளுக்கான வேலை வரிசை தேங்கியிருக்கிறது. ரன்ஜாப்ஸ் பராமரிப்பு நிரலை கிரானில் (குறித்த நேரங்களில் நிரலை ஓட்டும் கருவி) போடுங்கள். இயல்பு அமைப்பில் ஒரு பக்கக் கோரிக்கைக்கு ஒரு வேலைதான் நகரும்.

வலமிருந்து_இடம்:
மேலே சொன்னதோடு ஒன்று விடுபட்டிருக்கிறது. வார்ப்புரு முறையில் உங்கள் தமிழ், அரபுப் பக்கங்களின் உள்ளடக்க மொழி இன்னும் ஆங்கிலமாகவே பதிவாகியிருக்கும். எச்டிஎம்எல்லில் மொழியைச் சொல்லும் லேங் பண்பு ஆங்கிலம் என்றே வெளியாகும். திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயலும். அரபுப் பக்கம் இடமிருந்து வலமாகவே கிடக்கும். தயவுசெய்து இதை அப்படியே விட்டுவிடாதீர்கள். பேஜ்லேங்குவேஜ்யூஸ்டிபி அமைப்பை 'ட்ரூ' ஆக்கி, பேஜ்லேங் உரிமையை நிர்வாகிகளுக்குக் கொடுத்தால், பேஜ்லேங்குவேஜ் சிறப்புப் பக்கத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மொழியை மாற்றலாம்.

பட்டையில் மொழிப் பெயரை அந்தந்த மொழியிலேயே எழுதுங்கள். 'டமில்' என்று ஆங்கில எழுத்தில் போட்டால், ஆங்கிலம் படிக்கத் தெரியாதவருக்காக வைத்த இணைப்பு அவருக்கே புரியாது. லேங்குவேஜ் என்ற பார்சர் செயற்பாட்டுக்குக் குறியீட்டை மட்டும் கொடுத்தால் அந்த மொழியின் சொந்தப் பெயரைத் தரும். கொடிப் படம் வேண்டாம்: கொடி நாட்டுக்குரியது, பிரெஞ்சும் அரபும் பல நாடுகளில் பேசப்படுபவை. ஒவ்வொரு பெயரையும், எழுத்துத் திசையைத் தனியாகப் பிரித்து வைக்கும் பிடிஐ குறிச்சொல்லுக்குள் வைத்து லேங் பண்பும் கொடுங்கள். இல்லையேல் அரபுப் பெயரை ஒட்டிய பிரிப்புப் புள்ளி இடம் மாறி நிற்கும்.

ஏட்டுச்சுவடி:
துணைப்பக்கம் அணைந்துதான் இருந்தது, இயக்கியதும் பட்டை சரியாகிவிட்டது. ஒவ்வொரு பக்கத்துக்கும் கையால் மொழி வைப்பது பெரிய வேலையாகத் தெரிகிறது. டிரான்ஸ்லேட் நீட்சிக்கே போய்விடலாமா?

குறிச்சொல்:
மொழிபெயர்ப்புகள் வளரும் தளம் என்றால் போங்கள். உள்ளடக்க மொழியை அதுவே வைத்துவிடும். மொழிபெயர்க்கவேண்டிய பகுதியை டிரான்ஸ்லேட் குறிச்சொல்லுக்குள் அடையுங்கள். மொழிப் பட்டையைக் காட்டும் லேங்குவேஜஸ் குறிச்சொல்லைப் பக்கத்தின் முதல் வரியில், டிரான்ஸ்லேட் குறிச்சொல்லுக்கு வெளியே வையுங்கள். உள்ளே வைத்தால் அதுவும் மொழிபெயர்க்கவேண்டிய உரையாகிவிடும். பிறகு பேஜ்டிரான்ஸ்லேஷன் உரிமை உள்ளவர் பக்கத்தை மொழிபெயர்ப்புக்குக் குறிக்கவேண்டும். அதுவரை பட்டை தெரியாது.

பழைய மொழிபெயர்ப்புகள் விஷயத்தில் கவனம். குறித்ததும் நீட்சியின் ஃபஸ்ஸிபாட் என்ற தானியங்கிக் கணக்கு தமிழ்த் துணைப்பக்கத்தின் மேல் எழுதிவிடும், உங்கள் உரை போய்விட்டதுபோல் தோன்றும். போகவில்லை, பக்க வரலாற்றில் இருக்கிறது. பேஜ்மைக்ரேஷன் சிறப்புப் பக்கம் அதை எடுத்துத் துண்டு துண்டாக மூலத்தோடு இணைகாட்டும். வரிசை பிசகிய இடங்களை நீங்கள் நகர்த்திச் சேமிக்கவேண்டும். ஆகவே எல்லாப் பக்கங்களையும் ஒரே நாளில் குறிக்காமல், ஒவ்வொன்றாகக் குறித்து, பழைய உரையை இறக்கி, சரிபார்த்து அடுத்ததற்குப் போங்கள்.

வெக்டர் 2022 தலைப்பருகே காட்டும் மொழிப் பொத்தானிலும் இவை வரவேண்டுமானால் பேஜ்டிரான்ஸ்லேஷன்லேங்குவேஜ்லிஸ்ட் அமைப்பை 'சைட்பார்-ஆல்வேஸ்' ஆக்குங்கள். இயல்பு மதிப்பு 'டேக்-ஒன்லி', அதாவது குறிச்சொல் உள்ள இடத்தில் மட்டும். 'சைட்பார்-ஒன்லி' போட்டால் கட்டுரையின் மேலே உள்ள பட்டை போய்விடும். உங்களுக்கு வேண்டியது அதுவல்ல.

முதலில் நீங்கள் கேட்டதற்கும் விடை இருக்கிறது: டிரான்ஸ்லேட்பேஜ்டிரான்ஸ்லேஷன்யூஎல்எஸ் அமைப்பை இயக்கினால், செலக்டரில் மொழியை மாற்றுபவர் அந்த மொழிக் கட்டுரைக்கே போய்ச் சேர்வார். ஆனால் தளத்துக்கு முன்னால் வார்னிஷ் போன்ற கேச் (பக்கங்களின் நகலைச் சேமித்து வழங்கும் அடுக்கு) இருந்தால் யூஎல்எஸ்அனான்கேன்சேஞ்ச்லேங்குவேஜை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். இல்லாவிட்டால் ஒருவர் தமிழில் திறந்த பக்கம் கேச்சில் தங்கி, அடுத்து வரும் பிரெஞ்சு வாசகருக்கும் தமிழ் மெனுவோடு போகும். அணைத்த பிறகு, புகுபதியாத வாசகருக்குப் பட்டையில் உள்ள நேரடி இணைப்புகள்தான் வழி. அந்தப் பட்டையை எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள்.