கணினியோடு சேர்ந்து தானாகத் தொடங்கும் நிரல்கள்: முடக்கியவை மீண்டும் வருவது ஏன்?

மலைக்கோட்டைவாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எனக்குத் தந்திருக்கும் மடிக்கணினியில் விண்டோஸ் 11 உள்ளது. நினைவகம் 8 ஜிபி. கடவுச்சொல் கொடுத்து உள்ளே நுழைந்தவுடன் திரை வந்துவிடுகிறது. ஆனால் அதன் பிறகு ஏறக்குறைய நான்கு நிமிடங்களுக்கு எதைச் சொடுக்கினாலும் திறப்பதில்லை. தானாகத் தொடங்கும் நிரல்களைக் குறைத்தால் சரியாகும் என்று சொன்னார்கள். இயங்கும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் உள்ள ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ பகுதிக்குச் சென்று, தேவையில்லை என்று தோன்றியவற்றை முடக்கினேன். அதன் பிறகும் மூன்று சிக்கல்கள் தீரவில்லை.

அச்சுப்பொறியுடன் வந்த துணை மென்பொருள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆனாலும் தினமும் கடிகாரத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. காணொளிக் கூட்டங்களுக்கான ஒரு செயலியை முடக்கினால் சில நாள்களில் அது மறுபடியும் தொடங்கிவிடுகிறது. நேற்று நான் திறந்து வைத்திருந்த உலாவிச் சாளரங்கள், நான் கேட்காமலேயே இன்று திறக்கின்றன.

எதை முடக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதிலும் எனக்குத் தெளிவில்லை. மின்னணுக் கையொப்ப டோக்கனுக்கான மென்பொருள், ஜிஎஸ்டி தளத்தில் கையொப்பமிடுவதற்கான எம்சைனர், தமிழ்த் தட்டச்சு மென்பொருள், விண்டோஸ் செக்யூரிட்டி ஆகியவை பட்டியலில் தெரிகின்றன. தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதிவேடு எழுதியது:

வணக்கம் ஐயா. விண்டோஸில் ஒரு நிரல் தானாகத் தொடங்குவதற்கு வாசல்கள் பல உண்டு. டாஸ்க் மேனேஜர் அவற்றுள் சிலவற்றை மட்டுமே காட்டுகிறது. தங்கள் முதல் சிக்கல் இதிலிருந்து வருவதுதான்.

ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் தரவுத்தளம்) ‘ரன்’ என்னும் பெயரில் உள்ள பதிவுகள் (தற்போதைய பயனருக்கு ஒன்று, கணினியின் எல்லாப் பயனர்களுக்கும் பொதுவாக ஒன்று), ‘ஸ்டார்ட்அப்’ கோப்புறைகள் இரண்டு, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து நிறுவிய செயலிகளின் பதிவுகள் ஆகியவை டாஸ்க் மேனேஜரில் தெரியும். குறித்த நேரத்தில் பணிகளை இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் ‘பயனர் உள்நுழையும்போது இயக்கு’ என்று எழுதி வைக்கப்பட்ட பணிகளும், சர்வீஸ்களாக (சாளரம் இல்லாமல் பின்னணியில் இயங்குபவை) பதிவான நிரல்களும் அங்கே தெரியமாட்டா. அச்சுப்பொறி மென்பொருள்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளில் ஒன்றையோ இரண்டையுமோ பயன்படுத்துகின்றன. ஆகவே, பட்டியலில் இல்லாத அந்த மென்பொருளைத் தாங்கள் டாஸ்க் ஷெட்யூலரின் ‘லைப்ரரி’ பகுதியில் முதலில் தேடிப் பாருங்கள்.

முடக்கிய செயலி திரும்பி வருவதற்குக் காரணம் வேறு. டாஸ்க் மேனேஜரில் ‘டிஸேபிள்’ என்று கொடுத்தால், ‘ரன்’ பதிவு அழிக்கப்படுவதில்லை. அந்தப் பதிவு அப்படியே இருக்க, ‘ஸ்டார்ட்அப்அப்ரூவ்டு’ என்னும் வேறொரு இடத்தில், ‘இந்தப் பெயருள்ள பதிவைத் தொடங்கவேண்டாம்’ என்ற குறிப்பு மட்டும் எழுதப்படுகிறது. குறிப்பு பெயரோடு கட்டுண்டது என்பதைக் கவனியுங்கள். செயலி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது வேறு பெயரில் புதிய பதிவை எழுதினால், விண்டோஸுக்கு அது புதிய நிரல். பழைய தடை அதைக் கட்டுப்படுத்தாது. எனவே இத்தகைய செயலியை முதலில் அதன் சொந்த அமைப்புகளுக்குள் சென்று, ‘கணினியோடு தொடங்கு’ என்ற தேர்வை நீக்கி நிறுத்துவதே நல்லது. அங்கே நிறுத்தினால் பெரும்பாலான செயலிகள் தாமே தம் பதிவை எடுத்துவிடும். அப்படியும் கேட்காத செயலி, மாதத்திற்கு ஒருமுறைதான் தேவைப்படுகிறது என்றால், அதை நீக்கிவிட்டு உலாவியிலேயே கூட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். என் கருத்தில், பயனர் சொன்னதைக் கேட்காத மென்பொருளோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

உலாவிச் சாளரங்கள் தானாகத் திறப்பதற்கும் ‘ஸ்டார்ட்அப்’ பட்டியலுக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை. ‘செட்டிங்ஸ்’, ‘அக்கவுண்ட்ஸ்’, ‘சைன்-இன் ஆப்ஷன்ஸ்’ என்ற வரிசையில் சென்றால், மறுதொடக்கம் செய்யத்தக்க செயலிகளைச் சேமித்து வைத்து அடுத்த உள்நுழைவில் மீண்டும் திறக்கும் தேர்வு ஒன்று இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். எட்ஜ் உலாவியில் ‘ஸ்டார்ட்அப் பூஸ்ட்’ என்று தனியாக ஒரு வசதி உண்டு. அது சாளரம் எதையும் திறக்காமல், உலாவியின் சிறு பகுதியைப் பின்னணியில் முன்கூட்டியே ஏற்றி வைக்கும்; 8 ஜிபி கணினியில் அதையும் நிறுத்தலாம்.

இவை அனைத்தையும் ஒரே இடத்தில் பார்க்கவேண்டுமானால் ‘ஆட்டோரன்ஸ்’ என்னும் இலவசக் கருவியைப் பரிந்துரைக்கிறேன். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் உருவாக்கிய சிஸ்இண்டர்னல்ஸ் தொகுப்பைச் சேர்ந்தது இது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அத்தொகுப்பைத் தன்வசமாக்கியது. ஆகவே மைக்ரோசாஃப்ட்டின் தளத்திலிருந்தே அதைப் பதிவிறக்குங்கள். தேடுபொறியில் முதலில் வரும் ஏதோ ஒரு தளத்திலிருந்து வேண்டாம். நிர்வாகி உரிமையோடு அதை இயக்கி, ‘ஆப்ஷன்ஸ்’ பட்டியில் மைக்ரோசாஃப்ட்டின் சொந்தப் பதிவுகளை மறைக்கும் தேர்வை முதலில் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நூற்றுக்கணக்கான வரிகளைக் கண்டு மலைத்துப்போவீர்கள். மஞ்சள் நிற வரி என்றால் பதிவு இருக்கிறது, கோப்பு இல்லை என்று பொருள். என்றோ நீக்கிய மென்பொருளின் மிச்சம் அது. எந்த வரியையும் அழிக்காமல், முன்னால் உள்ள குறியை மட்டும் எடுங்கள். பின்னர் தேவைப்பட்டால் குறியை மறுபடி இட்டுக்கொள்ளலாம்.

ஆட்டோரன்ஸில் நான் பெரிதும் மதிப்பது இன்னொரு வசதியை. இன்றைய நிலையை ஒரு கோப்பாகச் சேமித்துவிட்டு, சில வாரங்கள் கழித்து ‘கம்பேர்’ என்று கொடுத்தால், இடையில் எந்த நிரல் புதிதாக நுழைந்தது என்பதைத் தனியாகக் காட்டிவிடும். முடக்கிய செயலி எந்த வழியாகத் திரும்பி வருகிறது என்று ஊகிக்கவேண்டிய தேவையே இராது.

தாங்கள் பெயர் சொன்ன நான்கைப் பற்றி: எம்சைனர், கையொப்பமிடும் நேரத்தில் இயங்கிக்கொண்டிருந்தால் போதும், முடக்கிவிட்டு, வேண்டும்போது கையால் திறந்துகொள்ளலாம். டோக்கன் மென்பொருள், டோக்கனைச் செருகியவுடன் சான்றிதழை விண்டோஸுக்கு அறிமுகம் செய்யும் வேலையைப் பார்ப்பது. தினமும் கையொப்பமிடுபவர் என்றால் அதை விட்டுவைப்பதே நல்லது. விண்டோஸ் செக்யூரிட்டி என்று பட்டியலில் தெரிவது கடிகாரத்தின் பக்கத்தில் உள்ள சின்னம் மட்டுமே. அதை முடக்கினால் பாதுகாப்பு நின்றுவிடாது, ஆனால் எச்சரிக்கைச் சின்னம் கண்ணில் படாது. அதனால் கிடைக்கும் வேகமும் மிகச் சிறிது என்பதால் நான் அதைத் தொடுவதில்லை. தமிழ்த் தட்டச்சைப் பொறுத்தவரை, ஒருங்குறியில் (யூனிகோடு) மட்டும் எழுதுபவர் என்றால் விண்டோஸிலேயே உள்ள தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டு தனி மென்பொருளை விட்டுவிடலாம். பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் தட்டச்சு செய்யவேண்டிய தேவை அலுவலகத்தில் இன்னும் இருந்தால், அது இருக்கட்டும்.

வன்பொருள் மேசை எழுதியது:

பதிவேடு அவர்களின் விளக்கம் முழுமையானது. ஆனால், நான்கு நிமிடத் தாமதத்துக்குத் தொடக்க நிரல்கள்தாம் காரணம் என்பதை நாம் எல்லோரும் ஆராயாமலேயே ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உள்நுழைந்தவுடன் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியைப் பாருங்கள். வட்டு நூறு விழுக்காட்டிலேயே நிற்கிறதா, நினைவகம் நிரம்பியிருக்கிறதா, சிபியு (கணினியின் மையச் செயலகம்) நூறைத் தொடுகிறதா என்பதைப் பொறுத்தே வைத்தியம் மாறும். வட்டின் பெயருக்குக் கீழே எச்டிடி (சுழலும் தட்டுகள் கொண்ட பழைய வகை வட்டு) என்று எழுதியிருந்தால், தங்கள் சிக்கலின் பெரும்பகுதி அதுவே. சுழலும் வட்டில், ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு ஏறத்தாழ நூறு முறை மட்டுமே தேடிப் படிக்க முடியும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வட்டுகளில் சாதாரண சாட்டா வகைகூட இதைப் பல்லாயிரம் முறை செய்யும். பத்து நிரல்கள் ஒரே நேரத்தில் தத்தம் கோப்புகளைக் கேட்கும்போது, வட்டின் முனை அங்குமிங்கும் ஓடுவதிலேயே நேரம் கழிந்துவிடுகிறது. நிரல்களைக் குறைத்தால் நான்கு நிமிடம் இரண்டாகலாம். எஸ்எஸ்டி போட்டால் அந்த இரண்டும் பெரும்பாலும் மறைந்துவிடும்.

டாஸ்க் மேனேஜர் காட்டும் ‘ஸ்டார்ட்அப் இம்பாக்ட்’ அளவையும் கொஞ்சம் நிதானமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிரல் தொடங்கும்போது சிபியுவின் நேரத்தில் ஒரு நொடிக்கு மேல் எடுத்தாலோ, வட்டில் 3 எம்பிக்கு மேல் படித்து எழுதினாலோ, அதற்கு ‘ஹை’ என்ற முத்திரை விழுந்துவிடும். இன்றைய மென்பொருள்களில் பாதிக்கு மேல் அந்த எல்லையை எளிதில் தாண்டும். அதனால் முத்திரையை நம்பாமல், நெடுவரிசைத் தலைப்பின் மீது வலச்சொடுக்கிட்டு, ‘சிபியு அட் ஸ்டார்ட்அப்’, ‘டிஸ்க் ஐ/ஓ அட் ஸ்டார்ட்அப்’ ஆகிய இரண்டையும் சேர்த்து, எண்களையே பாருங்கள். ‘கமாண்ட் லைன்’ என்பதையும் சேர்த்தால், பெயர் புரியாத நிரல் எந்தக் கோப்புறையிலிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடும்.

சர்வீஸ்களை முடக்கத் தொடங்கவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். விண்டோஸ் 8 காலத்திலிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று இருக்கிறது. அது இயங்கும் நிலையில், கணினியை ‘ஷட் டவுன்’ செய்யும்போது பயனரின் பகுதி மட்டுமே மூடப்படுகிறது. கெர்னலும் (விண்டோஸின் மையப் பகுதி), டிரைவர்களும் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்), சர்வீஸ்கள் இயங்கும் பகுதியும் வட்டில் உறைநிலையில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே மீட்கப்படுகின்றன. ஆக, சர்வீஸ்கள் தினமும் புதிதாகத் தொடங்குவதே இல்லை. அவற்றை முடக்கி மிச்சப்படுத்துவது சொற்பம். தவறான ஒன்றை முடக்கினால் வரும் தொல்லையோ பெரிது. கட்டாயம் ஏதாவது செய்தே ஆகவேண்டிய சர்வீஸ் என்றால், அதை ‘ஆட்டோமேட்டிக் (டிலேய்டு ஸ்டார்ட்)’ என்று மாற்றுங்கள். விண்டோஸ் எழுந்து ஏறத்தாழ இரண்டு நிமிடங்கள் கழித்தே அது தொடங்கும்.

இதே காரணத்தால், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் நேரத்தை ஒப்பிடும்போது ஒருமுறை ‘ஷட் டவுன்’, மறுமுறை ‘ரீஸ்டார்ட்’ என்று கலந்து செய்யாதீர்கள். ‘ரீஸ்டார்ட்’ மட்டுமே கணினியை முழுமையாக முதலிலிருந்து தொடங்கும். இரண்டின் நேரமும் ஒப்பிடத்தக்கதல்ல.

மலைக்கோட்டைவாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அச்சுப்பொறி மென்பொருள், டாஸ்க் ஷெட்யூலரில் உள்நுழையும்போது இயங்கும் பணியாகவே இருந்தது. அந்தப் பணியை முடக்கிய பிறகும் அச்சிடுவதில் எந்தத் தடையும் இல்லை. கூட்டச் செயலியின் அமைப்புகளுக்குள் நீங்கள் சொன்ன தேர்வு இருந்தது, எடுத்துவிட்டேன். உலாவிச் சாளரங்களும் இப்போது திறப்பதில்லை. ஆட்டோரன்ஸில் இன்றைய நிலையைச் சேமித்து வைத்திருக்கிறேன்.

வட்டின் பெயருக்குக் கீழே எச்டிடி என்றே இருக்கிறது. உள்நுழைந்த முதல் சில நிமிடங்கள் அது நூறிலேயே நிற்கிறது. எஸ்எஸ்டி வாங்கித் தரும்படி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது வரும்வரை ஒரு வழி தேவைப்படுகிறது: கணக்கு மென்பொருளும் மின்னஞ்சலும் தானாகத் திறக்கத்தான் வேண்டும், ஆனால் எல்லாவற்றோடும் முண்டியடித்துக்கொண்டு உடனே திறக்கவேண்டாம். சிறிது நேரம் கழித்துத் திறக்கும்படி செய்ய இயலுமா?

பதிவேடு எழுதியது:

இயலும். அச்சுப்பொறி மென்பொருள் பயன்படுத்திய அதே வாசலைத் தாங்களும் பயன்படுத்தலாம். முதலில் அந்த இரண்டு நிரல்களையும் ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ பட்டியலில் முடக்கிவிடுங்கள். இல்லையென்றால் இருமுறை திறக்கும். பிறகு டாஸ்க் ஷெட்யூலரில் ‘கிரியேட் டாஸ்க்’ கொடுத்து, ‘ட்ரிக்கர்ஸ்’ பகுதியில் ‘அட் லாக் ஆன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே சாளரத்தில் கீழே ‘டிலே டாஸ்க் ஃபார்’ என்று ஒரு பெட்டி இருக்கும். மின்னஞ்சலுக்கு ஒரு நிமிடம், கணக்கு மென்பொருளுக்கு மூன்று நிமிடம் என்று வேறுவேறாகக் கொடுக்கலாம். பட்டியலில் உள்ள நேரங்களைத்தான் கொடுக்கவேண்டும் என்பதில்லை, தட்டச்சும் செய்யலாம். ‘ஆக்‌ஷன்ஸ்’ பகுதியில் நிரலின் கோப்பைக் காட்டினால் வேலை முடிந்தது.

மடிக்கணினி என்பதால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ‘கண்டிஷன்ஸ்’ பகுதியில், மின்னிணைப்பு இருந்தால் மட்டுமே பணியைத் தொடங்கு என்ற தேர்வு இயல்பாகவே குறியிடப்பட்டிருக்கும். அதை எடுக்காவிட்டால், பேட்டரியில் வேலை செய்யும் நாள்களில் இரண்டு நிரல்களும் திறக்கமாட்டா. மேலும் ‘செட்டிங்ஸ்’ பகுதியில், மூன்று நாள்களுக்கு மேல் இயங்கும் பணியை நிறுத்திவிடும் தேர்வும் குறியிடப்பட்டே இருக்கும். கணினியை அணைக்காமல் மூடி மட்டும் வைக்கும் பழக்கம் உள்ளவர் என்றால் அதையும் எடுத்துவிடுங்கள்.