டிராஃபிக் என்ஜினியரிங்: 'மடைமாற்றம்' எனலாமா?

வணக்கம் நண்பர்களே,

கணினி வலையமைப்பில் தரவை எந்த இணைப்பு வழியாக அனுப்புவது என்று பார்த்துத் திருப்பிவிடும் வேலைதான் 'டிராஃபிக் என்ஜினியரிங்'. அதற்குப் 'போக்குவரத்துப் பொறியியல்' என்ற சொல் எனக்கு ஒட்டவில்லை. படித்ததும் சிக்னலும் மேம்பாலமும்தான் கண்முன் வருகின்றன. அந்தச் சொல் சிவில்காரர்களுடையது, அவர்களிடமே இருக்கட்டும்.

திசைவியில் (ரவுட்டரில்) நாம் என்ன செய்கிறோம்? ஓஎஸ்பிஎஃப் என்ற வழித்தேர்வு நெறிமுறை, 'செலவு' (ஒவ்வொரு இணைப்புக்கும் தரப்படும் எண்) குறைந்த வழியைத் தேர்ந்தெடுக்கும். அங்கே நெரிசல் இருக்கிறதா என்று பார்க்காது. சிஸ்கோ நிறுவனத் திசைவிகளில் செலவைக் கணக்கிடும் அளவுகோல் வழக்கமாக 100 மெகாபிட்; அதை இணைப்பின் வேகத்தால் வகுத்தால் செலவு, ஆனால் அது 1-க்குக் கீழே போகாது. அந்த அளவுகோலை மாற்றாமல் விட்டால் 100 மெகாபிட் இணைப்புக்கும் 1 கிகாபிட் இணைப்புக்கும் ஒரே செலவு, 1. தரவு இரண்டிலும் சரிபாதியாகப் பிரியும். சின்னது திணறும், பெரியதில் இடம் கிடக்கும். நெட்ஃபுளோ என்ற தரவோட்டக் கண்காணிப்பு வசதியில் பளுவைப் பார்த்துவிட்டுச் செலவைத் திருத்துகிறோம். பிஜிபி (வெவ்வேறு வலையமைப்புகள் தங்களுக்குள் வழிகளைச் சொல்லிக்கொள்ளும் நெறிமுறை) என்றால் ஒரு பக்கத்து லோக்கல் பிரிஃபரன்ஸை, அதாவது முன்னுரிமை எண்ணை, 100-லிருந்து 200 ஆக்குகிறோம். வெளியே போகும் தரவு அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

வயலில் தண்ணீர் பாய்ச்சுகிறவர் செய்வதும் இதுதான். ஒரு பாத்தி நிறைந்ததும் அந்த மடையை அடைத்து, அடுத்ததைத் திறந்துவிடுகிறார். அதனால் 'மடைமாற்றம்' என்கிறேன். வினையாகவும் அழகாக நிற்கிறது: "சென்னை இணைப்பு நிரம்பிவிட்டது, பாதியை மும்பைப் பக்கம் மடைமாற்று."

செய்தித்தாள்களில் 'நிதி மடைமாற்றம்' என்று வருவதால் முறைகேடு போல ஒலிக்கும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நியாயமான கவலைதான். ஆனால் அந்தக் கறை நிதியோடு வந்தது, மடைக்கு அது கிடையாது. முறைகேடான திருப்பலுக்கு 'வழிக்கடத்தல்' என்றும், தவறிப்போய் வெளியே பரவுவதற்கு 'வழிக்கசிவு' என்றும் தனிச்சொற்கள் வைத்துக்கொள்ளலாம். 2008 பிப்ரவரியில் பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்க அமைத்த வழி, பிஜிபி மூலம் வெளியே பரவி, உலகின் பல பகுதிகளில் சுமார் இரண்டு மணி நேரம் யூடியூப் கிடைக்காமல் போனதே, அதை யாரும் மடைமாற்றம் என்று சொல்லப்போவதில்லை.

அப்புறம், இந்தச் சொல்லில் கண்காணிப்பு எங்கே என்ற கேள்வி. 1999-இல் வந்த ஆர்எஃப்சி 2702 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம், அளவிடுதலையும் டிராஃபிக் என்ஜினியரிங்குக்குள்ளேயே சேர்க்கிறது. சரி, பாத்தி நிறைந்ததா என்று பார்க்காமல் யார் மடையை மாற்றுவார்கள்? பார்வை அந்தச் செயலுக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொன்று. பயனரின் வீடு வரை வரும் கடைசி இணைப்பான 'லாஸ்ட் மைல்' என்பதைக் 'கடைசி மைல்' என்றே எழுதி வருகிறோம். காவிரி டெல்டாவில், பாசனத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் பகுதிக்குக் 'கடைமடை' என்று தினமும் புழங்குகிற சொல் இருக்கிறதே! அதைத் தனி இழையில் பேசுவோமா?